மணல் தாண்ட ஒரு ஜோடி மாடு

“பதினொண்ணுதான் மாமா வருது.”

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரணமல்லூரில் காலை ஏழு மணி, அவன் ஊரில் பகல் பதினொன்றரை. என் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில் ஜீலாங் பக்கம் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். அங்கே புதிதாக வாங்கிய பிக்கப்பைப் பற்றித்தான் பேச்சு. டீசல் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர், 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

“ரெண்டு டன் வண்டிக்குப் பதினொண்ணு வந்தா நல்லதுதானடா?” என்றேன்.

“நம்ம ஊர்க் கணக்கு இல்ல மாமா. இங்க நூறு கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னுதான் பேச்சே. நூறுக்குப் பதினோரு லிட்டர் குடிக்குது. எட்டுன்னு சொல்லித்தான் வித்தாங்க.”

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். எட்டு என்றால் லிட்டருக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர். பதினொன்று என்றால் ஒன்பது. வகுக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டதோ என்னவோ, அடுத்ததைச் சொன்னான்: “உங்க ஓட்ட மட்டடோரே பத்து குடுத்துச்சுன்னு சொல்லுவீங்களே. பேட்டரி, மோட்டார் எல்லாம் வெச்ச வண்டி ஒம்போது குடுக்குது. என்னத்துக்கு மாமா இந்த ஹைப்ரிட்டு?”

பதில் சொல்லவில்லை. பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1983 முதல் நான் வண்டியில் ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும் அதில் உள்ள நோட்டுகளில் இருக்கிறது. அதை இறக்கித் தூசி தட்டினேன். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தது எங்கள் ஊர் சுமைவண்டியின் சரித்திரமாகப் போய்விட்டது.

பெரணமல்லூருக்கு ரயில் கிடையாது. ஆரணிக்கே கிடையாது. ‘ஆரணி ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது இருப்பது களம்பூரில். வெளியூர்க்காரர் பலர் அங்கே இறங்கிவிட்டு ஆரணி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே எங்கள் பக்கத்து நெல்லும் தவிடும் மல்லாட்டையும் ஆரணிக்கோ வந்தவாசிக்கோ சேத்துப்பட்டுக்கோ சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். (மல்லாட்டை என்றால் நிலக்கடலை, மணிலாக்கொட்டை எங்கள் வாயில் தேய்ந்து இப்படி ஆனது.) பட்டு வேறு சாதிச் சரக்கு. ஒரு சேலை முக்கால் கிலோகூட இருக்காது. நெய்து முடித்ததைத் துணிப்பையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கு பஸ்ஸில் போய்விடலாம். ஆயிரக்கணக்கில் விலை போகிற சரக்கு டவுன் பஸ்ஸில் போகும். அதே ரோட்டில் தவிடு மூட்டைக்கு லாரி பிடிக்க வேண்டும். எங்கள் குடும்பம் பிழைத்தது தவிட்டில், பட்டில் இல்லை. பட்டு எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. அது பின்னால் வரும்.

அப்பா பார வண்டி ஓட்டியவர். இரட்டை மாடு, மரச்சக்கரம், இரும்புப் பட்டா. அந்த வண்டிக்கு எரிபொருள் வைக்கோல், புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. எவ்வளவு தின்று எவ்வளவு தூரம் இழுத்தது என்று அவர் கணக்கு எழுதியதில்லை, ஆனால் கணக்கு அவர் கையில் இருந்தது. அச்சுக்கு வண்டி மை போடாமல் ஒரு நாள்கூடக் கிளம்ப மாட்டார். மூட்டை அடுக்கும்போது முன்பாரமா பின்பாரமா என்று நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தில் ஏறும், பின்பாரமானால் தூக்கி அடிக்கும். டன்லப் கம்பெனியின் காற்று டயர் போட்ட வண்டிகள் பரவியபோது, அதே ஜோடி மாடு முன்னைவிட அதிகமாக இழுத்ததை ஊர் வாய் பிளந்து பார்த்ததாம். மாடு மாறவில்லை, தீனி மாறவில்லை. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான். அப்பா டயர் வண்டிக்கு மாறிய பிறகு தினமும் காலையில் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார். காற்று இறங்கினால் மாடு சொல்லும் என்பார்.

அவர் சொன்னதில் ஒரு காட்சி என் மனதில் அப்படியே நிற்கிறது. கோடையில் செய்யாற்று மணலைத் தாண்ட வேண்டும். பாரத்தோடு சக்கரம் மணலில் புதையும். அப்போது பின்னால் வருகிற வண்டியின் மாடுகளை அவிழ்த்து முன்வண்டிக்கு முன்னால் கட்டுவார்கள். நாலு மாடு சேர்ந்து மணலைத் தாண்டும். அக்கரை ஏறியதும் அவிழ்த்துக்கொண்டு திரும்பிப்போய் அடுத்த வண்டியை இழுக்கும். “அப்ப எப்பவும் நாலு மாடு கட்டிட்டா என்ன?” என்று சின்ன வயதில் கேட்டேன். “மணல் கால் மைல். ரோடு இருபது மைல். கால் மைலுக்கு இழுக்கிற மாடு இருபது மைலுக்கும் தின்னும்டா” என்றார்.

தங்கை மகனிடம் சொன்னேன், உன் 48 வோல்ட் அந்த இரண்டாவது ஜோடி மாடுதான் என்று. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

யுத்த காலத்துக் கதையும் அப்பாவுடையதுதான். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்ஸெல்லாம் கரிக்கு மாறின. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை அடுப்பு. அதில் அடுப்புக்கரியைப் போட்டுக் காற்றைக் குறைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அந்த வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, இன்ஜினுக்குள் விட்டால் ஓடும். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் இதற்கென்றே கேஸ் பிளாண்ட் செய்து விற்றது. காலையில் பஸ் கிளம்ப வேண்டுமென்றால் கிளீனர் பையன் ரொம்ப நேரம் முன்னாலேயே வந்து ஊதுலையின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கரியில் கிடைக்கும். மேடு வந்தால் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளுவார்கள். அப்பாவும் பன்னிரண்டு வயதில் தள்ளியிருக்கிறார். டிக்கெட் வாங்கிவிட்டுத் தள்ளியதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தன. பெட்ரோல் லாரிகள். அரிசி மில்காரர்கள் வாங்கினார்கள், கொஞ்ச நாளில் தலையில் கை வைத்தார்கள். 1950களில் சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜினைச் செய்ய ஆரம்பித்தது. லாரியின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பெர்க்கின்ஸை மாட்டிக்கொள்ளலாம். லாரி பழையது, இதயம் புதிது. டீசல் ஏன் மிச்சம் பிடிக்கிறது என்பதை எனக்கு ஒரு மெக்கானிக் சொன்ன விதம் இது: பெட்ரோல் இன்ஜின் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விடும், டீசல் முழு மூச்சு விடும். பெட்ரோல் வண்டியில் வேகத்தைக் குறைக்கக் காற்றுக் குழாயை அடைக்கிறோம். அந்த அடைப்பை எதிர்த்து இழுப்பதிலேயே கொஞ்சம் சக்தி வீணாகிறது. டீசலில் எண்ணெயை மட்டும் குறைத்தால் போதும். காற்றை அதிகம் அழுத்துவதால் ஒவ்வொரு சொட்டிலிருந்தும் கூடுதலாகப் பிடுங்குகிறது.

நான் வண்டிக்கு வந்தது 1974இல், பதினெட்டு வயதில், ஆரணியில் ஓர் அரிசி மில் லாரிக்குக் கிளீனராக. பெட்ஃபோர்டு லாரி, பெர்க்கின்ஸ் மாற்றியது. அதற்கு முந்தின வருஷம் அக்டோபரில் அரபு நாடுகளும் இஸ்ரேலும் மோதியதில் எண்ணெய் விலை மூன்றே மாதத்தில் ஏறக்குறைய நாலு மடங்காகிவிட்டது. பீப்பாய் 3 டாலர் பக்கம் இருந்தது 12 டாலரை நெருங்கியது. எங்கோ சினாய் மணலில் நடந்த சண்டைக்கு ஆரணி மில் முதலாளி எங்கள் டிரைவர் அண்ணன்மேல் எரிந்து விழுந்தார். அன்றைக்குத்தான் நோட்டு வந்தது. டேங்கைக் கழுத்துவரை நிரப்பு, மீட்டரைக் குறி, ஓட்டு, மறுபடி கழுத்துவரை நிரப்பு, எவ்வளவு பிடித்தது என்று எழுது. மீட்டர் பாதி நாள் ஓடாது. அப்போது நான் ரோட்டோரக் கல்லை எண்ணுவேன். மைல் கல் போய் கிலோமீட்டர் கல் வந்துவிட்ட காலம், ஆனாலும் நாங்கள் சொன்னது மைலேஜ்தான். மைல் போயும் மைலேஜ் போகாத நாடு நம்முடையது.

இந்திய அரசு 1976இல் பெட்ரோலியம் சிக்கனத்துக்கென்று ஒரு குழுவை அமைத்து, 1978இல் அதை பி.சி.ஆர்.ஏ. என்ற நிறுவனமாக்கியது. டயர் காற்றைப் பார், வேகத்தை 45, 55க்குள் வை, நின்றால் இன்ஜினை அணை என்று போஸ்டர் ஒட்டினார்கள். அதில் கடைசியாகச் சொன்னதை எனக்கு அரசாங்கம் சொல்லித்தரவில்லை. நெசவுத் தெரு சொல்லித்தந்தது.

விடியற்காலையில் நெசவுத் தெருவுக்குள் வண்டி போக முடியாது. தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தெளித்து, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுத்தாக வேண்டும். குடும்பமே தெருவில் நிற்கும். ஒரு நாள் அப்படிப்பட்ட தெருமுனையில் எங்கள் லாரி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் பீடி பற்றவைத்திருந்தார். ஒரு பெரியம்மா விறுவிறுவென்று வந்தார்.

“இன்னாப்பா, உன் லாரி பொகை எங்க பாவு மேல ஒக்காருது. கரி படிஞ்ச பட்டை நீ வாங்கிக்கிறியா? அணைச்சிட்டு நில்லு. சும்மா நிக்கிற மாட்டுக்கு எதுக்கு ஓயாம புல்லு?”

அண்ணன் அணைத்தார். பாவு சுருட்ட முக்கால் மணி ஆயிற்று. அதன்பிறகு அந்தத் தெரு என்றாலே அணைத்துவிடுவோம். பழக்கம் மற்றத் தெருக்களுக்கும், லெவல் கிராசிங்குக்கும், மில் வாசலில் எடைக்குக் காத்திருக்கும் வரிசைக்கும் பரவியது. மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டியபோது லிட்டருக்குக் கால் கிலோமீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. சின்ன டீசல் இன்ஜினே சும்மா நின்றால் மணிக்கு அரை லிட்டர் பக்கம் குடிக்கும். அந்த பெட்ஃபோர்டு அதைவிடப் பெரிய குடிகாரன். இன்றைக்கு சிக்னலில் நின்றால் தானாக அணைந்து, பிரேக்கை விட்டால் தானாகக் கிளம்புவதற்கு ஒரு பேட்டரியும் மோட்டாரும் வைத்து விற்கிறார்கள். எங்களுக்கு அதை ஒரு பெரியம்மா இலவசமாகப் பொருத்திவிட்டார்.

டிரைவர் அண்ணன் கற்றுக்கொடுத்த இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இறக்கம் வந்தால் நியூட்ரல். கியரை விடுவித்து வண்டியை உருள விடுவது. அந்தக் காலத்து இன்ஜினில் அதனால் கொஞ்சம் மிச்சம் ஆனது என்று நம்பினோம். பிரேக் சூடாகி ஜவ்வாது மலை இறக்கத்தில் ஒரு முறை உயிர் தொண்டைக்கு வந்தது. ஆனாலும் விடவில்லை. பின்னால் நான் டிரைவராகி, கிளீனர்களுக்கு அதையே கற்றுக்கொடுத்தேன். என் வீட்டுப் பிள்ளைகளுக்கும்.

1983இல் கடன் வாங்கி ஒரு பழைய மட்டடோர் வாங்கினேன். பஜாஜ் டெம்போ கம்பெனியின் வண்டி. அதே கம்பெனி முன்னால் செய்த மூன்று சக்கர வண்டியால் ‘டெம்போ’ என்பது எல்லாச் சின்னச் சுமைவண்டிக்கும் பொதுப் பெயராகிவிட்டிருந்தது. என் மட்டடோரையும் ஊரில் டெம்போ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வருஷங்களில்தான் ஜப்பான் கூட்டு வண்டிகள் வரிசையாக வந்தன: டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி. எல்லாரும் விற்றது மைலேஜைத்தான். யென் விலை ஏறி உதிரிபாகம் கட்டுப்படியாகாமல் போனது. 1986இல் டாடா தன் 407ஐ இறக்கியதும் சந்தை அவர்கள் பக்கம் சாய்ந்தது. எனக்கு இரண்டும் எட்டாத விலை. மட்டடோரிலேயே ஓட்டினேன். நோட்டில் 10 என்று நிறைய இடத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பெட்டியைத் திறந்த பிறகுதான் மற்ற பக்கங்களையும் பார்த்தேன். 8.2, 7.9, ஒரு கார்த்திகை மாதம் 7.1. நினைவு நல்ல பக்கங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. அவனிடம் இருபது வருஷமாகப் பத்து பத்து என்று அடித்துவிட்டிருக்கிறேன்.

அந்த 7.1க்குக் காரணத்தை ஓரத்தில் எழுதியிருந்தேன்: ‘நீல எண்ணெய்?’ ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச்சாயம் போடுவார்கள். அது டீசலில் கொஞ்சம் கலந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும். எந்த பங்க் என்று எழுதவில்லை. இப்போது நினைவும் இல்லை.

பிறகு வந்தது குட்டி யானை. 2005 மே மாதம் டாடா ஏஸ் வெளிவந்தது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரை சக்தி, முக்கால் டன் பாரம். கிரீஷ் வாக் என்ற இன்ஜினியரின் குழு அதை வடிவமைக்கும் முன் மூன்று சக்கர வண்டிக்காரர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டது. நாலு சக்கரம் இருந்தால் எனக்குப் பெண் கொடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஆரணிப் பக்கம் குட்டி யானை வாங்கிய வருஷமே கல்யாணம் ஆனவர்கள் நாலு பேரையாவது எனக்குத் தெரியும். 2006இல் நான் வாங்கினேன். கல்யாணம் ஆகித் தொலைந்து ரொம்ப நாளாகிவிட்டதால் மைலேஜுக்காக மட்டும் வாங்கினேன்.

முதல் வருஷ நோட்டு முழுக்க 18, 19. ஊரே பாராட்டியது. அந்த மைலேஜின் ரகசியம் பாதிக்கு மேல் ஒரு இயலாமைதான்: அதனால் வேகமாகப் போகவே முடியாது. அறுபதைத் தாண்டினால் உடம்பெல்லாம் உதறும். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. மெதுவாகப் போக வைத்துவிட்டால் எந்த இன்ஜினும் சிக்கனக்காரன்தான். இரண்டாம் வருஷம் எனக்குப் பேராசை வந்தது. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் தவிடு ஏற்றினேன். ஒரு நடையில் இரண்டு நடைக் காசு. நோட்டு 13க்கு இறங்கியது. ஸ்பிரிங் பட்டை உடைந்தது, டயர் வெடித்தது. கூட்டிக் கழித்தால் முக்கால் டன்னே ஏற்றியிருக்கலாம். நான் மட்டுமல்ல, அன்றைக்கு எங்கள் ரோட்டில் வந்த ஒவ்வொரு குட்டி யானையும் முதுகு வளைந்துதான் வந்தது. 2011இல் அசோக் லேலண்ட் ஓசூரில் செய்த தோஸ்த்தை இறக்கியபோது ஒன்றேகால் டன் என்று பாரத்தைக் கூட்டி விற்றார்கள். அதிலும் இரண்டு டன் ஏற்றினோம்.

டீசல் விலையை 2014 அக்டோபரில் அரசு சந்தைக்கு விட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற ஆரம்பித்தது. வாரம் ஒரு முறை எழுதிய நோட்டில் தினம் ஒரு விலை. அடுத்த வருஷம் கண் மங்கியதால் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஹைப்ரிட் என்ற சொல் நம் ஊருக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். 2015 செப்டம்பரில் மாருதி சுசுகி தன் சியாஸ் டீசல் காரில் ஒரு பெல்ட் மோட்டாரை மாட்டி லிட்டருக்கு 28.09 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனையில், உருளைமேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுத்த எண் அது. மின்சார, ஹைப்ரிட் வண்டிகளுக்கான ஃபேம் திட்டத்தில் அரசு மானியமும் கொடுத்தது. மோட்டார் மட்டும் தனியாக வண்டியை இழுக்காதே, அதற்கு எதற்கு மானியம் என்று கேள்வி எழுந்து, 2017 ஏப்ரலில் மைல்ட் ஹைப்ரிட் வண்டிகளை மானியத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. மைல்ட் ஹைப்ரிட்டில் மோட்டார் டிரைவர் அல்ல, கிளீனர். ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வண்டி கிளம்பும்போது ஒரு தள்ளு தள்ளும். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற வேகத்தில் கொஞ்சத்தைப் பிடித்து ஒரு சின்ன பேட்டரியில் போட்டுவைக்கும். நின்றால் இன்ஜினை அணைத்து, மறுபடி உதறல் இல்லாமல் எழுப்பும். நின்று நின்று போகிற பாதையில் அதற்கு வேலை உண்டு. நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போனால் அது தூங்கும், அதன் எடையையும் சேர்த்து இன்ஜின் இழுக்கும். கால் மைல் மணல், இருபது மைல் ரோடு.

இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. நடுவில் அவனும் எனக்கு ஒன்று சொன்னான். அவன் இருக்கிற அதே ஜீலாங்கில்தான் அந்த நாட்டுப் பாணி பிக்கப் பிறந்ததாம். ஆஸ்திரேலியாவில் அதை ‘யூட்’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுத, லூயிஸ் பாண்ட் என்ற இளைஞர் வரைந்து கொடுத்து, 1934இல் வண்டி வெளிவந்தது. பெண் கிடைக்க நாலு சக்கரம் கேட்டவரும் இந்த அம்மாவும் சந்தித்திருந்தால் நிறையப் பேசியிருப்பார்கள்.

மூன்றாவது ஞாயிறு நான் விசாரணைக்கு வந்தேன்.

“வண்டியில தினமும் என்ன பாரம் இருக்குது?”

“டைல்ஸ் கட்டர், பசை மூட்டை, கரணை அது இதுன்னு நானூறு கிலோ இருக்கும் மாமா. எறக்க எங்க நேரம்?”

மேலே இரும்புக் கேரியர் ஒன்று, ஏணி கட்ட. ஏணி மாதத்தில் இரண்டு நாள்தான் தேவை. கேரியர் முப்பது நாளும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. வேலை இடம் பெரும்பாலும் வீட்டிலிருந்து ஆறு ஏழு கிலோமீட்டர், குளிர்காலம், இன்ஜின் சூடேறுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. இந்தக் கால டீசலில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. நம் ஊரிலும் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்ததிலிருந்து அதுதான். அது நிரம்பினால் வண்டி கூடுதல் டீசலை ஊற்றிச் சூடாக்கி அந்தக் கரியை எரிக்கும். குறுகிய தூரம் ஓடுகிற வண்டியில் அந்த எரிப்பு அடிக்கடி தொடங்கும், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். இங்கேயும் கரி பஸ்தான், தலைகீழாக.

“டயர் கம்பெனி போட்டதுதானே?”

“இல்ல மாமா. வாங்கின வாரமே பெருசா மாத்திட்டேன். வண்டி கெத்தா இருக்கணும்ல.”

“காத்து?”

“டயர்க் கடையில போட்டதுதான்.”

பெரிய டயர் என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும், மீட்டர் அதைக் குறைத்துக் காட்டும். போன் மேப்பில் நூறு கிலோமீட்டர் ஓட்டி மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். 96 காட்டியது. அதாவது அவன் வண்டி அவன் சொன்ன அளவுக்கு மோசமில்லை. ஓடிய தூரத்தில் நூற்றுக்கு நாலு அவன் கணக்கிலேயே வரவில்லை. அதே சமயம் கனமான டயரைச் சுழற்றக் கூடுதல் டீசலும் ஆகிறது. காற்று வேறு ஆறு பவுண்டு குறைவு. சக்கரத்தை உதைத்துப் பார்க்கிற அப்பாவின் பேரன் ஆறு மாதமாகக் காற்றுப் பார்க்கவில்லை.

கடைசியாக, எனக்கே கேட்க பயமாக இருந்த கேள்வியைக் கேட்டேன்.

“எறக்கத்துல, சிக்னல் வர்றதுக்கு முன்னால, என்ன பண்ணுவே?”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மாமா. நியூட்ரல் போட்டு உருள விட்டுடுவேன்.”

இந்தக் கால இன்ஜினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் முழுவதும் நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளக் குடிக்க ஆரம்பிக்கும். அதைவிட மோசம், அந்த 48 வோல்ட் மோட்டார் மின்சாரத்தைத் திரும்பப் பிடிப்பதே வண்டி கியரில் உருளும்போதுதான். நியூட்ரலில் அதற்குப் பிடியே கிடையாது. பேட்டரிக்குத் தீனி இல்லை. தீனி இல்லாத மாடு மணலில் இழுக்குமா? 1974இல் ஆரணி ரோட்டில் நான் படித்த பாடம் ஜீலாங்கில் போய் ஹைப்ரிட்டைப் பட்டினி போட்டிருக்கிறது. கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தவனிடம், அந்தத் திட்டில் கொஞ்சத்தை இந்தப் பக்கமும் அனுப்பு என்றேன். சிரித்தான்.

கேரியரைக் கழற்றினான். சனிக்கிழமைதோறும் பாரத்தை இறக்கி அடுத்த வாரத்துக்குத் தேவையானதை மட்டும் ஏற்றினான். காற்றை, கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையையும் டயர்க் கடைக்காரரின் பேச்சையும் சேர்த்துப் பார்த்துச் சரிசெய்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி மெல்போர்ன் வரை ஓட்டிவிட்டு வந்தான். நியூட்ரலை விட்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றான், கை தானாகப் போகிறதாம். பெரிய டயரை மட்டும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நானும் வற்புறுத்தவில்லை, கெத்துக்குக் கொஞ்சம் டீசல் செலவாகத்தான் செய்யும். நானும் மட்டடோரின் முகப்பில் பூமாலைக்குக் கொஞ்சமாகவா செலவழித்தேன்.

ஐப்பசியில் ஒரு படம் அனுப்பினான். வண்டி சீட்டின் மேல் பச்சை அட்டை நோட்டு, இந்தியக் கடையில் வாங்கியதாம். டேங்க் கழுத்துவரை, மீட்டர், லிட்டர், தேதி. ஏழு டேங்குக் கணக்கு. 11.1இல் ஆரம்பித்துக் கடைசி வரியில் 9.6.

எட்டு வரவில்லை. வராது என்று அவனுக்கும் தெரியும். என் பெட்டியில் எழுதாமல் மீந்திருந்த பக்கத்தில், மட்டடோருக்கும் குட்டி யானைக்கும் அடுத்து, நம் ஊர்க் கணக்கில் மாற்றி எழுதிவைத்தேன்: லிட்டருக்கு 10.4. டயரின் நாலைச் சேர்த்தால் 10.8. ஓரத்தில், பென்சிலால்: ‘நியூட்ரல் நிறுத்தியது.’